இருபது புள்ளி எட்டு

வண்டி வாங்கிய அன்று
கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில்
விலை இருந்தது,
இருக்கைத் தோலின் நிறம் இருந்தது,
சக்கர விளிம்புக்குக்கூட ஒரு பெயர் இருந்தது.
கேலனுக்கு எத்தனை மைல் என்பது மட்டும் இல்லை.
இத்தனை கனமான வண்டிக்கு
அதைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமில்லையாம்.
விற்றவன் சிரித்தான்:
"கணக்குப் பார்க்கிறவர்கள் இதை வாங்குவதில்லை, மேடம்."

நான் கணக்குப் பார்க்கிறவள்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
எனக்கு ஏடே தரவில்லை,
சுரைக்காயை நானே அறுத்துப் பார்த்துக்கொண்டேன்.
விதைக் கம்பெனி இலவசமாய்க் கொடுத்த பாக்கெட் நோட்டில்
தேதி, மைல், கேலன், வகுத்து வந்தது.
ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம், குறிப்புக்கு.

டாஷ்போர்டு
பதினேழு புள்ளி ஒன்பது என்று பச்சையாய்ப் பல்லிளிக்கும்.
நானூற்றுப் பன்னிரண்டை
இருபத்தாறு புள்ளி மூன்றால் வகுத்துப் பாருங்கள்,
பதினைந்தே முக்கால்கூடத் தேறாது.
மைலோ டாஷ்போர்டு கட்சி.
நான் பென்சில் கட்சி.
பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே.

ஜனவரியில் பத்து புள்ளி ஒன்பது.
குறிப்பு: மைனஸ் இருபத்திரண்டு. குளிர்கால டீசல்.
டாக்டர் ஹோல்க்விஸ்ட் வந்து கன்றை இழுத்து எடுக்கும்வரை
எஞ்சினை அணைக்கவில்லை.

மார்ச்சில் எட்டு புள்ளி ஒன்பது.
குறிப்பு: பதினொரு பசு, எதிர்காற்று.
நெப்ராஸ்காவின் இந்த மணல்மேடுகளில்
காற்றையும் ஒரு பசுவாய் எண்ணி
ட்ரெய்லரில் ஏற்றித்தான் ஆகவேண்டும்.

ஜூனில் பதினான்கு.
குறிப்பு: வடிகட்டி.
புகைக்குழாயில் சேர்ந்த கரியை எரிக்க
வண்டி தானே கொஞ்சம் டீசல் குடித்துக்கொள்ளும்.
குளித்த செலவு என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு ஜூலையில் பன்னிரண்டு.
குறிப்பு: மைலோ ஓட்டினான்.

மழையில்லாத மூன்றாவது கோடையில்
வைக்கோல் கட்டின் விலை
பசுவின் விலையைத் துரத்த ஆரம்பித்தது.
டோரிங்டன் சந்தைக்கு நான்கு நடை.
நான்காம் நடையில் மிச்சமிருந்த ஒன்பது.
மஞ்சள் காதுப்பட்டை முப்பத்தேழு
இறங்க மாட்டேன் என்று கதவருகே நின்றது.
மைலோ அதன் பின்புறத்தைத் தட்டவில்லை,
தோளால் லேசாய்ச் சாய்ந்தான், அவ்வளவுதான்.
சந்தை வாசலிலேயே ஒருவன் ட்ரெய்லருக்கும் விலை கேட்டான்.
கொக்கியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டோம்,
உள்ளே இருந்த சாணத்தோடு.

அங்கேயே டாங்கை நிரப்பிக்கொண்டு
கிழக்கே திரும்பினோம்.
மேற்கிலிருந்து காற்று, முதுகைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி.
வயோமிங்கிலிருந்து எங்கள் பக்கம்
நிலமும் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கம்.
மைலோ ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை.
பின்னால் வந்த எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள்,
ஒரு பள்ளிப் பேருந்துகூட.
வீடு போய்ச் சேர யாருக்கும் அவசரமில்லை.

ஹையனிஸில் நிரப்பினேன். ஏழு புள்ளி ஒரு கேலன்.
நூற்று நாற்பத்தெட்டு மைல்.
இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன்.
டாஷ்போர்டும் அதையே சொன்னது,
முதல் தடவையாக.

இப்போது பங்க்கில் காபிக் கோப்பையோடு
ராய்ஸ் டிரெஸ்லரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான் மைலோ:
"இருபது புள்ளி எட்டு. சத்தியமாய். இவளைக் கேள்."
"பொய். இந்த வண்டியா? எப்படி?"
"டயர் காற்றுதான். எல்லாரும் குறைவாய் வைக்கிறார்கள்.
எண்பது வை, பார்."

ராய்ஸ் என் பக்கம் திரும்புகிறான்.
நோட்டு சட்டைப்பையில்தான் இருக்கிறது.
அந்த வரிக்கு எதிரே குறிப்புக் கட்டம்
நான்கு மாதமாய் வெள்ளையாகவே கிடக்கிறது.

"எண்பது" என்றேன்.
"பின் டயருக்கு மட்டும்."